வாய் சிவக்காத தரகர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடிகிறது. யாருக்கு எதை எடுத்தார்கள், புற்றுக்கு யாருக்கு எத்தனை முறை கரண்ட் வைத்தார்கள் என்று, அந்தக் காலத்தில் நகையை ஒப்பிட்டது போல ஒப்பிட்டுக்கொள்கிறோம். போன மாதம் எனக்கும் டாக்டரம்மா காகிதங்களை மூடி வைத்துவிட்டு, முடிந்தது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். பிள்ளைகள் லட்டு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது, முடிந்தது என்றால் இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கலக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவரை என்னைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது நான் ஒருத்திதான்.

உங்களில் சிலருக்கும் இந்தக் கலக்கம் இருக்கும் என்பதால், என் அப்பா ஒரு வெயில் காலத்தை எப்படிக் கழித்தார் என்று சொல்கிறேன். நடுவில் நான் வேறு பக்கம் போய்விட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மட்டும் என்ன, நேராகவா பேசுகிறீர்கள்?

எங்கள் ஊர் ஆம்பூர். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஆவாரம் பட்டை ஊறும் குழிகளிலிருந்து வரும் வாடைக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது சோறு வேகும் வாடை. அப்பா தோல் தரகர். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து உப்புத் தடவிய பச்சைத்தோல் மாட்டு வண்டியில் வாரச் சந்தைக்கு வரும். கொண்டுவருகிறவருக்கும் வாங்குகிற முதலாளிக்கும் நடுவில் நின்று விலை பேசி முடிப்பது அவர் வேலை.

விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. அப்பா முதலாளியின் கையைப் பிடிப்பார், மேலே துண்டு விழும், துண்டுக்குள் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, பாதி விரலைத் தொட்டால் எவ்வளவு என்பது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. அந்த நேரத்தில் இரண்டு பேர் முகமும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வேடிக்கை.

விலை படிந்ததும் வாங்குகிறவர் தன் பெட்டியைத் திறந்து, வெற்றிலையில் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்து மடித்துத் தரகர் கையில் கொடுப்பார். தரகர் அதை எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மெல்ல வேண்டும். அவர் வாய் சிவந்தால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பின்வாங்கக் கூடாது. சிவக்கிறவரை கிராமத்துக்காரர் தோல்கட்டின் கயிற்றை அவிழ்க்க மாட்டார். அன்றைய சந்தை நல்ல சந்தையா, மட்டமா என்பதை, வாசலில் நுழையும் அப்பாவின் வாயைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவாள்.

வீட்டில் அவருக்கு மடித்துக் கொடுப்பது அம்மா. எங்கள் முன்னால் அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. சாப்பாடு முடிந்ததும் அம்மா பித்தளைப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பை விரல் நுனியால் தடவி மடிப்பாள். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பார்கள். அம்மாவின் உதடும் எப்போதும் மருதாணி வைத்தது போல இருக்கும்.

அப்பா புகையிலையை இடது கன்னத்தில் ஒதுக்கி வைப்பார். அந்த இடத்தில்தான் புண் வந்தது. முதலில் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றார்கள். பிறகு சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரை, மோர், விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. சோறு இறங்காமல் போன பிறகுதான் வேலூருக்குப் போனார்கள். அங்கே பார்த்தவர்கள் மதராஸுக்கு அனுப்பினார்கள். மதராஸில் கத்தி வைத்தார்கள், ரேடியம் ஊசியும் குத்தினார்கள். கூடப் போயிருந்தது சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவரும் சந்தையில் அப்பாவுக்குத் துணையாகத் தரகு பார்த்தவர்.

மாசி மாதத்தில் அப்பா ரயிலில் வந்து இறங்கினார். ஆள் பாதியாக இருந்தார். இடது கன்னம் உள்ளே போய், அதன் மேல் தோல் இழுத்துக்கொண்டு மினுமினுப்பாக இருந்தது. தோளில் போடும் துண்டைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை மூடியிருந்தார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. பேச்சு குழறலாக வந்தது.

பார்க்க வந்த ஜனங்கள் எல்லாரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். அவருக்குப் போனது பேச்சு, காது இல்லை. ஆனாலும் சித்தப்பா உட்பட எல்லாரும் அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசினார்கள். அப்பா பொறுமையாகத் தலையாட்டுவார். எனக்கு அப்போது அது சாதாரணமாகத்தான் தெரிந்தது. போன மாதம் என்னைப் பார்க்க வந்தவர்கள் என்னிடம் பேசாமல் என் மருமகளிடம் "சாப்பிடறாங்களா?" என்று கேட்டபோதுதான் அப்பாவின் அந்தத் தலையாட்டல் புரிந்தது.

மதராஸ் டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாரும் சித்தப்பாவைக் கேட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று சொன்னதாக சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் டாக்டர் அதற்கு மேலும் பேசியிருக்கிறார். அதை அப்பா மட்டும்தான் மனதில் வாங்கி வந்திருந்தார். புகையிலை அந்த வாய்க்குள் இனி ஒரு முறைகூடப் போகக் கூடாது, போனால் புண் திரும்பும், இரண்டாம் தடவை கத்தி வைக்க அங்கே சதை இல்லை. வெற்றிலை பாக்கும் வேண்டாம். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். வாயைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும்.

ஊருக்கோ குணமானதற்கு வேறு அடையாளம் இருந்தது. அப்பா வந்த மறுநாளே, ஊரில் பெரிய தோல் ஷாப்பு வைத்திருந்த சாயபு ஒரு தட்டு அனுப்பினார். அப்பாவுக்கும் அவருக்கும் இளவயது முதல் சிநேகம். தட்டு நிறையக் கொழுந்து வெற்றிலை, சீவல், வாசனைப் புகையிலை. மீண்டு வந்த சிநேகிதனுக்கு அவர் செய்த மரியாதை அது. அம்மா அதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று அப்பா கஞ்சி குடித்து முடித்ததும் அம்மா பெட்டியைத் திறந்தாள். சாயபு அனுப்பிய வெற்றிலையில் பொடிசாக ஒன்றைத் தேர்ந்து, பாக்கை இடித்துப் பொடியாக்கி, அந்தச் சின்ன வாய்க்குள் போகும்படி மடித்து நீட்டினாள். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடித்த வெற்றிலை அம்மா கையிலேயே இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

"குணமாயிட்டாருன்னா ஏன் போட மாட்டேங்கறாரு?" என்று மறுநாள் சித்தப்பாவைக் கேட்டாள். டாக்டர் ஏதோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறார், அதை மறைக்கிறார்கள் என்று அவளுக்குப் பயம். தன் கையால் வாங்கப் பிடிக்கவில்லையோ என்று அதற்கு மேல் ஒரு பயம். சித்தப்பா உடனே அப்பாவிடம் போய், புகையிலை வேண்டாமென்றால் வெறும் வெற்றிலையாவது போடச் சொன்னார், வழக்கம்போலக் கத்தி.

"வாய் வெள்ளையா இருந்தா சந்தையில எவன் மதிப்பான், அண்ணா? இன்னும் சீக்காளின்னு நெனச்சிக்குவான்."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதி வார்த்தை எங்களுக்குப் புரியவில்லை. புரியாததைத் திரும்பச் சொன்னார். வெறும் வெற்றிலை போட்டால் கை தானாகப் புகையிலையைத் தேடும், தன்னைத் தனக்குத் தெரியும் என்றார். கடைசியாகச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டாக்டரு வேல முடிஞ்சிச்சு. என் வேல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது."

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்றால், ரொம்பவும் சலிப்பாக. அதில் வீரம் ஒன்றும் இல்லை. மூங்கிலைச் சீவி மெல்லிய பட்டைகள் செய்து வைத்திருந்தார். காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பல்லுக்கு நடுவில் அடுக்கி, கண்ணில் நீர் வரும்வரை வைத்திருப்பார். சில நாள் கழித்து இன்னொரு பட்டை சேரும். அம்மா ஒரு நாள் கண்ணாடியை ஒளித்து வைத்தாள், அவர் முகத்தை அவரே பார்க்க வேண்டாமென்று. அவர் அதைத் தேடி எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார். வெயில் ஏறுவதற்குள் பாலாற்று மணலில் நடந்துவிட்டு வருவார். ஆறு வறண்டு கிடந்த காலம். என்னையும் கூட்டிப்போவார். நடக்கும்போது ஊர்ப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவார். பேரணாம்பட்டு என்ற பெயர் அவர் வாயில் பட்ட பாடு இருக்கிறதே, நான் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

சாப்பாட்டில்தான் சண்டை. பத்தியம் என்ற பெயரில் உப்பு கம்மி, புளி கிடையாது, கவிச்சி ஆகவே ஆகாது, புண்ணைக் கிளறிவிடும் என்று உறவுக்காரர்கள் அம்மாவை மிரட்டி வைத்திருந்தார்கள். கஞ்சியும் ரசமும் தவிர வேறு இறங்கவில்லை. அப்பா இளைத்துக்கொண்டே போனார். டாக்டர் முட்டையும் பாலும் மீனும் சொல்லியிருக்கிறார் என்று அவர் சொன்னதற்கு, மதராஸ் டாக்டருக்கு நம்ம உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வரும்போது முதுகெலும்பு தெரிந்ததை அம்மா பார்த்தாள். மறுநாளிலிருந்து குழைந்த சோற்றில் முட்டையை மசித்துப் போட்டாள். கெளுத்தி மீன் குழம்பை வடிகட்டி ஊற்றினாள். கேட்டவர்களிடம் ரசம் என்று சொன்னாள்.

இத்தனையிலும் அவரை வாட்டியது அந்தப் பழக்கம்தான். ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா பித்தளைப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். புகையிலைத் துண்டு ஒன்று விரல்களுக்கு நடுவில் இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும், திருடன் அகப்பட்டுக்கொண்டது போல ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். துண்டைப் பெட்டிக்குள் போட்டு மூடி, அம்மாவைக் கூப்பிட்டார்.

"இத என் கண்ல படாத எடத்துல வையி. கையில வலு இல்ல எனக்கு."

அம்மா பெட்டியை முந்தானையால் துடைத்துப் பரண்மேல் ஏற்றினாள். அவளுக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்த பெட்டி அது.

பக்ரீத் வந்தது. அது முடிந்த வாரத்துச் சந்தைதான் வருஷத்திலேயே பெரிய தோல் சந்தை. வண்டி வண்டியாக ஆட்டுத்தோல் வந்து குவியும். அப்பா கன்னத்தைத் துண்டால் மூடி, மேலே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சித்தப்பா தடுத்தார், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு சந்தையில் என்ன செய்வது என்றார். அப்பா வலது கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டிவிட்டு நடந்தார்.

மத்தியானம் அவருக்கு வெளிச்சாப்பாடு ஆகாது என்று அம்மா குழைசோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அப்பா சாயபுவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், மேலே சாயபுவின் துண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய தோல்கட்டு, அதன்மேல் கையை வைத்தபடி அதைக் கொண்டுவந்த கிராமத்துக்காரர். துண்டு அசைந்தது, நின்றது. சாயபு சிரித்துக்கொண்டே கையை உருவினார். அப்பா கிராமத்துக்காரரிடம் போய் அவர் கையையும் பிடித்தார். அவரும் தலையாட்டினார். விலை படிந்துவிட்டது. அப்பாவின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது சாயபு தன் வெள்ளிப் பெட்டியைத் திறந்தார்.

அவர் ஆசையாக, நிதானமாக மடித்தார். புகையிலையைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வைத்தார். சுற்றி நின்ற தரகர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்பாவின் வாயைத்தான் பார்த்தார்கள். பழைய தரகர் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. அப்பா வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கிராமத்துக்காரர் தோல்கட்டின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. "இன்னா தரகரே, பேச்சு முடியலயா?" என்றார். சாயபுவின் முகம் சுருங்கியது.

"இன்னா தோஸ்த், நம்ம கையால குடுத்தது பேஜாரா பூட்ச்சா?"

அப்பா பேச முயன்றார். அவசரத்தில் குழறல் அதிகமாகி ஒன்றும் விளங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, "பாவம், ஒடம்பு இன்னும் சரியாவல" என்று உரக்கச் சொன்னார். சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் காதருகே, போட்டுவிடு, ஒரு தடவைதானே என்றார். அந்த ஒரு தடவையில் பேச்சு முடிந்துவிடும், சந்தை அவருடையதாகிவிடும். அப்பாவின் கை வெற்றிலையோடு பாதி தூரம் மேலே போனதை நான் பார்த்தேன். எனக்குத் தூக்கின் பிடி கையில் வழுக்கியது. அவர் செத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன்.

கை நின்றது. வெற்றிலையை இடது கைக்கு மாற்றினார். வலது கையால் சாயபுவின் கையைப் பிடித்து, தன் முகத்தை மூடியிருந்த துண்டுக்குள் கொண்டுபோனார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மறுபடி விலை பேசுவது போலத்தான் இருந்திருக்கும். நான் கிட்டே நின்றதால் எனக்குத் தெரிந்தது. சாயபுவின் கட்டைவிரலைத் தன் இடது கன்னத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

சாயபு தோல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவை தடவினால், எந்தத் தோலில் எங்கே ஓட்டை, எது பதனிடும்போது கிழியும் என்று சொல்லிவிடுவார். அந்த விரல் அப்பாவின் கன்னத்தில் மெதுவாக நகர்ந்தது. கீழே சதை இல்லாத இடத்தில் நின்றது. தழும்பின் ஓரமாகப் போய்த் திரும்பி வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

"இது இன்னொரு தடவ தாங்காது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு அப்பாவின் கையிலிருந்த வெற்றிலையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிராமத்துக்காரர் பக்கம் திரும்பி, "கயித்த அவுத்துடுப்பா. பேச்சு முடிஞ்சிது. இவுரு வாயப் பாக்காத, கையப் பாரு" என்றார். கிராமத்துக்காரர் கொஞ்சம் யோசித்தார். அப்பா அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். கயிறு அவிழ்ந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வாய் சிவக்காத தரகரிடம் தோலைக் கொடுக்க மாட்டோம் என்று சிலர் சித்தப்பாவிடமே போனார்கள். கையைக் குலுக்கினால் போதும் என்று மற்றவர்களுக்குப் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. டாக்டர் சொன்ன நாள் தவறாமல் அப்பா மதராஸுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறை போகும் வாரமும் சிடுசிடுவென்று இருப்பார், வந்ததும் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போவார். என் கல்யாணத்தையும் பார்த்தார், என் மூத்தவனையும் தூக்கினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சந்தை நாளின் மாலை. காலித் தூக்கோடு ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வெற்றிலையோடு கை மேலே போனது, நின்றது, சாயபு அழுதது எல்லாம். அம்மா அடுப்பு முன்னால் அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். நெருப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஏம்மா, ஒன் வாய் ஏன் வெளுத்துப்போச்சு? ஒனக்கும் வந்துடுச்சா?"

"போடி," என்றாள். "நான் போட்டுக்கினா அவருக்கு வாசன அடிக்காதா? பொட்டியப் பரண்ல ஏத்தன அன்னிக்கே வுட்டுட்டேன்."

இத்தனை நாள் ஊர் மொத்தமும் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த இன்னொரு வாயை, மகளான நான்கூடப் பார்க்கவில்லை.

அப்பா இருட்டும் நேரத்தில் வந்தார். சாப்பிட்டுக் கொப்பளித்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து, பழையபடி எதிரில் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் பனங்கற்கண்டு இருந்தது. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வாயைத் திறந்தார். அந்தத் துண்டு உள்ளே போகும் அளவுக்கு அது திறந்தது. இன்னொன்றை அம்மா தன் வாயில் போட்டுக்கொண்டாள்.